அலுமினியத்தைப் பத்தவச்ச கதை

உங்க வீட்டுல அலுமினியக் குண்டான் இருந்தா (சில ஊர்கள்ல இன்னும் 'ஈயப் பாத்திரம்'னுதான் சொல்றாங்க) அதோட கைப்பிடியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ரெண்டு மூணு ஆணி அடிச்சு, அதாவது ரிவெட் போட்டு, மாட்டியிருப்பாங்க. ஏன் பத்தவைக்கலை? ஜன்னல் கிரில், கேட், சைக்கிள் ஃபிரேம்னு எதைக் கொண்டுபோனாலும் அஞ்சு நிமிஷத்துல ஒட்டித் தர்ற பட்டறைக்காரர்கிட்ட ஒரு அலுமினியத் தகட்டை நீட்டிப் பாருங்க. "இது நம்மகிட்ட ஆகாதுங்க, ஆர்கான் வெல்டிங் போடுற கடைக்குப் போங்க"ன்னு சொல்லிடுவார்.

இந்த ரிவெட் கைப்பிடிக்கு நம்ம ஊர்ல வயசு அதிகம். 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை ஓவியப் பள்ளியில (இப்போ எழும்பூர் பக்கத்துல இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி) அலுமினியப் பாத்திரம் செய்யுற வேலையைத் தொடங்கி வச்சார். இந்தியாவுல அலுமினியத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அங்கேதான்னு சொல்வாங்க. பித்தளை, செம்புல பழகின கைகள் அலுமினியத்தைத் தட்டி வளைக்கச் சீக்கிரமே கத்துக்கிச்சு. ஆனா ஒட்டுறதுன்னு வந்தா, அந்தக் காலத்துல உலகத்துல எங்கேயுமே அதுக்கு நல்ல வழி கிடையாது.

ஆர்கான் வெல்டிங் எல்லாம் 1940-களுக்கு அப்புறம் வந்த விஷயம். அதுக்கு முன்னாடி முப்பது நாப்பது வருஷம், வெறும் கேஸ் சுடரை வச்சே அலுமினியத்தைப் பத்தவச்சிருக்காங்க. விமானத்தோட பெட்ரோல் டேங்க், பந்தயக் காரோட உடம்பு, பால் பண்ணைப் பாத்திரம், சாராய ஆலைத் தொட்டின்னு எல்லாம் அப்படி வந்ததுதான். நான் தொழில்முறை வெல்டர் கிடையாது. பழைய தொழில்நுட்பங்களோட கதையைத் தேடிப் படிக்கிற ஆசாமி, அவ்வளவுதான். அப்படித் தேடினதுல எனக்குக் கிடைச்ச கதை இது. நான் நினைச்சதை விட சுவாரசியமா இருந்துச்சு.

முதல்ல, அலுமினியத்துக்கு அப்படி என்ன பிடிவாதம்?

எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் ஒரு தோல்தான். அலுமினியத்தை அரம் போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்குங்க. கையை எடுக்கிறதுக்குள்ள காத்துல இருக்கிற ஆக்சிஜன் அது மேல ஒட்டி, அலுமினிய ஆக்சைடுங்கிற மெல்லிசான தோலா மூடிடும். சாதாரண வெப்பத்துல அதோட தடிமன் சுமார் 4 நானோமீட்டர். ஒரு தலைமுடி பருமனுக்குள்ள அந்த மாதிரி பத்தாயிரம் தோலுக்கு மேல அடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிச்சு உதிராம இருக்கிறதே இந்தத் தோலோட புண்ணியத்துலதான்.

சமையலுக்கு நல்ல தோல். வெல்டருக்கு அதுதான் வில்லன். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸ்ல உருகும். மேல இருக்கிற தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல வேணும். அடுப்புல பால் காயும்போது மேல ஆடை படியுமே, அதை நினைச்சுக்குங்க. உள்ளே உலோகம் தண்ணியா ஓடும், மேல ஆடை கிழியாம அப்படியே பை மாதிரி பிடிச்சு வச்சிருக்கும். ரெண்டு தகட்டோட ஓரமும் உருகி பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஆனா கலக்காது. சரி, குச்சியால கிளறித் தோலைக் கிழிச்சு விட்டா? அந்தத் தோல் உருகின அலுமினியத்தை விட கனம். பாலாடை மாதிரி மேல மிதக்காது, உள்ளே போய் மாட்டிக்கும். பத்தவச்ச இடம் வெளியில அழகா இருக்கும். ஒரு தட்டு தட்டினா பிளந்துக்கும்.

ரெண்டாவது தொல்லை நிறம். இரும்பைக் காய்ச்சினா செவக்கும், ஆரஞ்சாகும், மஞ்சளாகும். கொல்லர் பட்டறையில நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிடுவாங்க. அலுமினியம் அந்தச் சாடை எதையும் காட்டாது. பகல் வெளிச்சத்துல, உருகுற நொடி வரைக்கும் அதே வெள்ளிக் கலர்தான். நல்லாத்தானே இருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும்போது தகடு பொத்துன்னு சரிஞ்சு கீழே விழும்.

மூணாவது, சூட்டைக் கடத்துற வேகம். அலுமினியம் சாதாரண இரும்பை விட நாலஞ்சு மடங்கு வேகமா சூட்டைப் பரப்பும். ஒரு இடத்துல சுடர் காட்டினா சூடு தகடு பூரா ஓடிடும். ஆரம்பத்துல எவ்வளவு காட்டினாலும் உருகாது. மொத்தத் தகடும் சூடேறின பிறகு அவசரமா உருகி ஓட்டை விழும்.

ஒரே மனுஷன் கையில ரெண்டு சாமானும்

கேஸ் வெல்டிங்குக்கு உலோகம் வேணும், அசிட்டிலீன் வேணும். இந்த ரெண்டோட பூர்வீகத்தையும் தேடினா ஒரே ஆள்கிட்ட போய் நிக்குது. ஜெர்மன் வேதியியல் அறிஞர் ஃபிரீட்ரிக் வோலர்.

1825-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் அலுமினியத்தை முதல்ல பிரிச்சார், ஆனா சுத்தமா வரலை. 1827-ல் வோலர் அதைச் சாம்பல் நிறப் பொடியா எடுத்தார். 1845-ல் சின்னச் சின்ன மணிகளா உருக்கி, அது எவ்வளவு லேசான உலோகம்னு காட்டினார். அதே வோலர் 1862-ல் கால்சியம் கார்பைடைச் செஞ்சு, அது தண்ணியில பட்டா அசிட்டிலீன் வருதுன்னும் கண்டுபிடிச்சார். (மாம்பழத்தைத் திருட்டுத்தனமா பழுக்க வைக்கிறாங்களே, அதே கார்பைடு கல்தான்.) உலோகமும் ஆச்சு, எரிவாயுவுக்கான கல்லும் ஆச்சு. ஆனா ரெண்டையும் அவர் காலத்துல ஆய்வுக்கூடத்துக்கு வெளியில பெரிசா யாரும் உபயோகிக்க முடியலை. விலை அப்படி. 1884-ல் அமெரிக்காவுல வாஷிங்டன் நினைவுத் தூணோட உச்சியில 100 அவுன்ஸ் எடையில அலுமினியக் கூம்பு ஒண்ணை வச்சாங்க. அப்போ அலுமினியம் வெள்ளி விலை.

1886-ல் எல்லாம் மாறிச்சு. அமெரிக்காவுல சார்லஸ் ஹால், ஃபிரான்ஸ்ல பால் எரூ. ரெண்டு பேரும் 1863-ல் பிறந்தவங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே வருஷம் ஒரே வழியைக் கண்டுபிடிச்சாங்க. (ரெண்டு பேரும் 1914-லயே இறந்தும் போனாங்க!) அந்த வழி என்னன்னா, உருக முரண்டு பிடிக்கிற அலுமினிய ஆக்சைடை நேரா உருக்காம, கிரையோலைட்டுங்கிற ஃபுளோரைடு உப்பை உருக்கி அதுல கரைச்சு, மின்சாரம் பாய்ச்சிப் பிரிக்கிறது. 2,000 டிகிரிக்கு மேல கேட்கிற ஆக்சைடு, இந்த உப்புக் குழம்புல ஆயிரம் டிகிரிக்கும் கீழேயே கரைஞ்சிடும். இந்த ஃபுளோரைடை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்பவும் வரும்.

அலுமினியம் செய்யப் போய்க் கிடைச்ச வாயு

அடுத்த கூத்து 1892-ல். அமெரிக்காவின் வட கரோலினாவுல ஸ்ப்ரேன்னு ஒரு சின்ன ஊர். அங்கே கனடாக்காரர் தாமஸ் வில்சனும், பணம் போட்ட ஜேம்ஸ் மோர்ஹெட்டும் மின் உலை வச்சு, விலை மலிவா அலுமினியம் எடுக்கப் படாத பாடு பட்டுக்கிட்டிருந்தாங்க. நேரடியா முடியலை. சரி, முதல்ல கால்சியம் உலோகத்தைச் செய்வோம், அதை வச்சு அலுமினியத்தைப் பிரிப்போம்னு திட்டம். சுண்ணாம்பையும் கீலையும் கலந்து உலையில போட்டாங்க. 1892 மே 2-ம் தேதி கிடைச்சது ஒரு மங்கலான, நொறுங்குற கட்டி. அதைத் தண்ணியில போட்டதும் வாயு பொங்கிச்சு. கால்சியமா இருந்தா ஹைட்ரஜன் வரணும், அது புகையில்லாம எரியணும். இதுவோ கரும்புகை விட்டு எரிஞ்சுது. அது கால்சியம் இல்லை, கால்சியம் கார்பைடு. வந்த வாயு அசிட்டிலீன்.

அலுமினியம் எடுக்குற முயற்சி அங்கே தோத்துச்சு. ஆனா அந்தத் தோல்வியில இருந்துதான் அசிட்டிலீன் தொழிலே பிறந்துச்சு. 1898-ல் அந்தக் கண்டுபிடிப்பை வச்சு உருவான கம்பெனியோட பேரு யூனியன் கார்பைடு. ஆமாங்க, 1984 போபால்னா நமக்கெல்லாம் நினைவுக்கு வர்ற அதே பேருதான். அதுல இருக்கிற 'கார்பைடு' இந்தக் கல்தான்.

முதல்ல அசிட்டிலீனை விளக்கெரிக்கத்தான் வாங்கினாங்க. 1895-ல் பாரிஸ்ல லெ ஷாட்லியே என்ற வேதியியல் அறிஞர், அதை ஆக்சிஜனோட கலந்து எரிச்சா 3,000 டிகிரிக்கு மேல சூடு வருதுன்னு சொன்னார். அதுவரைக்கும் தெரிஞ்ச சுடர்களை விட அதுல சூடு அதிகம். அதே 1895-லதான் ஜெர்மனியில லிண்டே காத்தைத் திரவமாக்கிக் காட்டினார். சில வருஷத்துல அதுல இருந்து ஆக்சிஜனைத் தனியாப் பிரிச்சு மலிவா விற்க முடிஞ்சுது. 1903 வாக்கில ஃபிரான்ஸ்ல ஃபூஷே, பிக்கார் ரெண்டு பேரும் கையில பிடிச்சு வேலை செய்யத் தோதான டார்ச்சைக் கொண்டு வந்தாங்க. கேஸ் வெல்டிங் கிளம்பிடுச்சு. அஞ்சாறு வருஷத்துலயே இரும்புப் பட்டறைகள்ல சர்வ சாதாரணமாயிடுச்சு.

அலுமினியத்தைப் பொறுத்தவரைக்கும் இந்தச் சுடரால பெரிய பிரயோஜனம் இல்லை. 3,000 டிகிரி இருந்தா தோல் உருகிடுமேன்னு தோணும். தோல் உருகுற சூட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அடியில இருக்கிற உலோகம் உருகி ஓடிப் போயிடும். சூட்டைக் கூட்டிப் பிரச்சினையைத் தீர்க்க முடியாதுங்கிறதுதான் இந்தக் கதையோட முதல் பாடம்.

இதுல இன்னொரு வேடிக்கை. அதே 1895-ல் ஜெர்மன்காரர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட், அலுமினியப் பொடியையும் இரும்பு ஆக்சைடையும் கலந்து பத்தவச்சா இரும்பு உருகி ஓடுதுன்னு காப்புரிமை வாங்கினார். அதுதான் தெர்மிட். ரயில் தண்டவாளத்தை இன்னைக்கும் அப்படித்தான் ஒட்டுறாங்க. அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மேல இருக்கிற வெறிதான் அங்கே வேலை செய்யுது. எந்தக் குணத்தால தண்டவாளத்தையே ஒட்ட வச்சுதோ, அதே குணத்தாலதான் தன்னைத்தானே ஒட்ட விடாம அடம் பிடிச்சுது.

பொடி வச்சு ஊதினாங்க

நம்ம பொற்கொல்லர்களுக்கு இது புதுசில்லை. நகையில பத்து வைக்கும்போது வெங்காரம் தடவுவாங்க. பித்தளைக்கு ஈயம் பூசுறவர் சூடான பாத்திரத்துல நவச்சாரத்தைத் தூவித் தேய்ச்சதைப் பார்த்தவங்க இருப்பீங்க. எல்லாமே மேல இருக்கிற ஆக்சைடு அழுக்கை விலக்கத்தான். வெல்டிங்ல அதுக்குப் பேரு ஃப்ளக்ஸ். நாம பொடின்னே வச்சுக்குவோம்.

அலுமினியத்துக்கு வெங்காரம் உதவாது. வெங்காரம் உருக 740 டிகிரிக்கு மேல வேணும். அது உருகுறதுக்குள்ள அலுமினியம் உருகிடுமே! தவிர அந்தச் சூட்டுல அலுமினியத் தோலைக் கரைக்கிற சக்தியும் அதுக்குக் கிடையாது. அதனால வேற பொடி தேட வேண்டியதாச்சு. விடை கிடைச்சது, ஹாலும் எரூவும் காட்டின அதே பக்கத்துலதான்: ஃபுளோரைடு.

இருபதாம் நூற்றாண்டோட முதல் பத்து வருஷத்துல பல பேர் பல கலவைகளைப் பரீட்சை பண்ணினாங்க. இதுல அடிக்கடி அடிபடுற பேரு சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் ஷூப். உலோகத்தை உருக்கித் தெளிச்சுப் பூசுற முறைக்காகப் பின்னாடி புகழ் அடைஞ்சவர் இவர்தான். பொடியோட அடிப்படைச் சேர்மானம் இப்படி: சோடியம், பொட்டாசியம், லித்தியம் இந்த மூணோட குளோரைடு உப்புகள், கூடவே கொஞ்சம் ஃபுளோரைடு, சில கலவையில கிரையோலைட்டே நேரடியா. பல உப்பைக் கலந்தா தனித்தனியா உருகுறதை விடக் கம்மி சூட்டுலயே உருகும். லித்தியம் அதுக்கு ரொம்ப உதவி. அலுமினியம் உருகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பொடி உருகி, தோல்ல இருக்கிற வெடிப்புக்குள்ள புகுந்து, தோலை உலோகத்துல இருந்து பெயர்த்து மேல தூக்கிடும். ரெண்டு பக்க உலோகமும் அப்பதான் முகத்தோடு முகம் பார்க்கும்.

கை செய்யுற வேலை

பொடி கிடைச்சா போதுமா? வேலை இனிமேதான் இருக்கு. பழைய வெல்டிங் கையேடுகள்ல சொல்றதைச் சுருக்கமாச் சொல்றேன்.

முதல்ல எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, துருப்பிடிக்காத கம்பி பிரஷ்ஷால தேய்க்கணும். பொடியைத் தண்ணியில குழைச்சு, தோசை மாவை விட நீர்த்த பதத்துல, ஓரத்துலயும் நிரப்புக் கம்பியிலயும் தடவணும். குழைச்ச பொடியை நாள்கணக்குல வச்சுக்க முடியாது, கெட்டுப் போயிடும். நிரப்புக் கம்பிக்கு அதே தகட்டுல இருந்து மெல்லிசா ஒரு நாடா வெட்டிக்கலாம். இல்லைன்னா 5 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியக் கம்பி.

அப்புறம் ஓரத்தோட ஓரம் முட்டுற மாதிரி வச்சு அங்கங்கே புள்ளி வைக்கணும். அலுமினியம் இரும்பை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால புள்ளிகள் நெருக்கமா இருக்கணும். ஒரு தகடு மேல இன்னொண்ணை ஏத்தி வச்சுப் பத்தவைக்கக் கூடாது. காரணம் கொஞ்சத்துல சொல்றேன்.

சுடர்ல அசிட்டிலீன் ஒரு மயிரிழை கூட இருக்கிற மாதிரி, சீறாம மெத்துன்னு வச்சுக்கணும். ஆக்சிஜன் கூடினா தோல் இன்னும் தடிக்கும். டார்ச்சை நல்லாச் சாய்ச்சுப் பிடிக்கணும்.

செவக்காத உலோகம் உருகப் போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இங்கேதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. பொடியே தெர்மாமீட்டர்! வெள்ளையாக் காஞ்சு கிடக்கிற பொடி முதல்ல நுரைக்கும், அப்புறம் கண்ணாடி மாதிரி தெளிஞ்சு ஓடும். அது தெளிஞ்சா உலோகம் உருக இன்னும் கொஞ்ச தூரம்தான்னு அர்த்தம். அந்த நேரத்துல நிரப்புக் கம்பி நுனியால லேசாத் தொட்டுப் பார்ப்பாங்க. வழுக்கிட்டுப் போனா இன்னும் ஆகலை. பிசுக்குன்னு ஒட்டினா நேரமாச்சு. தகட்டோட மேற்பரப்பு சுருங்கின துணி மாதிரி நெளிஞ்சு, சட்டுனு பளிச்சுன்னு கண்ணாடியாகும். அந்த நொடியில கம்பியைக் கொடுத்து நகர ஆரம்பிக்கணும். போகப் போகத் தகடு சூடேறும், கையோட வேகமும் கூடணும். கடைசி ஓரத்துக்கு வரும்போது சுடரைத் தூக்கிடணும், இல்லைன்னா அந்த ஓரமே உருகி விழுந்துடும்.

தகட்டை வளைக்கிறதுக்கு முன்னாடி இளக்கணும்னா அதுக்கும் ஒரு தந்திரம் இருக்கு. ஆக்சிஜனை மூடிட்டு வெறும் அசிட்டிலீன் புகையால தகட்டைக் கரியாக்குவாங்க. அப்புறம் ஆக்சிஜன் திறந்து மெல்ல மெல்லச் சூடு காட்டினா, சுமார் 400 டிகிரி பக்கத்துல அந்தக் கரி மறைஞ்சு போகும். அதோட நிறுத்திக்கணும். சோப்புக் கட்டியால கோடு போட்டு அது கறுக்கிறதைப் பார்க்கிறவங்களும் உண்டு. சொந்தமா நிறம் காட்டாத உலோகத்துக்கு இரவல் நிறம் கொடுத்துக் கண்டுபிடிச்சாங்க.

ஒட்ட வச்சதே அரிக்கும்

இனி அந்தப் பொடியோட மறுபக்கம். தோலை விலக்குற உப்பு, வேலை முடிஞ்ச பிறகும் சும்மா இருக்காது. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, அலுமினியத்தை அரிச்சுக்கிட்டே இருக்கும். அதனால பத்தவச்ச உடனே கொதிக்கிற தண்ணியில பிரஷ் போட்டுத் தேய்க்கணும். விமான வேலைன்னா அதோட விடாம நீர்த்த கந்தக அமிலத்துல முக்கி எடுத்துத் திரும்பக் கழுவணும். தகடு மேல தகடு ஏத்தக் கூடாதுன்னு சொன்னேனே, காரணம் இதான். நடுவுல மாட்டுன உப்பை எந்தத் தண்ணியாலயும் கழுவ முடியாது. இன்னைக்கு நல்லா இருக்கிற டேங்க் சில மாசத்துல ஊசி ஊசியா ஒழுகும். பத்தவச்சவன் திறமை மேல எந்தக் குறையும் இருக்காது, கழுவினவன்தான் கோட்டை விட்டிருப்பான்.

கண்ணுக்கும் இதுல வேலை உண்டு. பொடியில இருக்கிற சோடியம், சுடர் பட்டதும் பளீர்னு ஆரஞ்சு மஞ்சளா எரியும் (சோடியம் தெருவிளக்கு வெளிச்சம் ஞாபகம் இருக்கா, அதே நிறம்). அந்த வெளிச்சத்துல உருகுற குட்டையே தெரியாது. அதனால ரொம்ப காலம் வெல்டர்கள் கோபால்ட் நீலக் கண்ணாடி போட்டுக்கிட்டாங்க. மஞ்சள் குறையும், வேலை தெரியும். ஆனா சுடர்ல இருந்து வர்ற வெப்பக் கதிரை நீலக் கண்ணாடி சரியாத் தடுக்காது. வேலை தெரியணும்கிறதுக்காகக் கண்ணையே பணயம் வச்ச தலைமுறை அது. இந்த மஞ்சளையும் வெப்பத்தையும் சேர்த்து வடிகட்டுற கண்ணாடிகள் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தவை. ஃபுளோரைடு புகையைச் சுவாசிச்சது தனிக் கணக்கு.

ஆகாயத்துல ரிவெட்டும் பத்தும்

1906-ல் பெர்லின் பக்கத்துல ஆல்ஃபிரட் வில்ம், கொஞ்சம் தாமிரமும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணியில அமுக்கிட்டு வச்சா, நாள் போகப் போகத் தானா உறுதியாகுதுன்னு கண்டார். அதுதான் டியூராலுமின். விமானத்துக்குன்னே பிறந்த மாதிரி உலோகம். ஆனா பத்தவச்சா அந்த உறுதி போயிடும், ஓரத்துல வெடிப்பும் விழும். அதனாலதான் 1919-ல் வந்த யுங்கர்ஸ் எஃப் 13-ல் இருந்து 1935-ன் டிசி-3 வரைக்கும் விமான உடம்பு முழுக்க ரிவெட். நம்ம குண்டான் கைப்பிடி மாதிரிதான் :-)

ஆனா ரிவெட் போட்ட டேங்க்ல பெட்ரோலும் எண்ணெயும் கசியும். அதனால டேங்க், இன்ஜின் மூடி, குழாய் இதையெல்லாம் பத்தவைக்க ஏத்த, உறுதி கம்மியான அலுமினியத்துல செஞ்சு கேஸ் வெல்டிங் பண்ணினாங்க. மெல்லிசான தகட்டுக்கு அசிட்டிலீனுக்குப் பதில் ஹைட்ரஜன் சுடரை வச்சுக்கிறதும் அமெரிக்க விமானத் தொழிற்சாலைகள்ல வழக்கமா இருந்துச்சு. அதோட சூடு கொஞ்சம் கம்மி, சுடர் அகலம், கரி கிடையாது. இரண்டாம் உலகப் போர்ல பறந்த விமானங்களோட எரிபொருள் ஒழுகாம நின்னதுக்குப் பின்னால இந்தப் பொடியும், நிறம் காட்டாத உலோகத்தைப் பார்த்துப் பழகின கண்ணும் இருந்துச்சு.

கார் விஷயத்துல இது இன்னும் அழகு. 1950, 60-கள்ல இத்தாலியின் மோடெனா பக்கம் ஸ்காலியெட்டி பட்டறையில ஃபெராரி கார்களுக்கு உடம்பு செஞ்சாங்க. அலுமினியத் தகட்டை மணல் மூட்டை மேல வச்சுத் தட்டி, துண்டு துண்டா வளைச்சு, ஓரங்களைக் கேஸ்ல பத்தவச்சு, திரும்பத் தட்டி, தேய்ச்சு, கடைசியில தையல் இருந்த இடமே தெரியாது. 1962-ல் வந்த 250 ஜி.டி.ஓ எல்லாம் அந்த வழியில வந்தவைதான்.

1941

இதுக்கு முடிவு கட்டினது கலிஃபோர்னியாவுல நார்த்ராப் விமானக் கம்பெனி. அவங்களுக்கு அலுமினியம் கூடப் பிரச்சினை இல்லை. ஜாக் நார்த்ராப்புக்கு மெக்னீசியத்துல விமானம் செய்யணும்னு ஆசை. மெக்னீசியம் தீப்பிடிச்சே எரியுற சாமான். அங்கே இருந்த ரஸ்ஸல் மெரிடித், உருகாத டங்ஸ்டன் கம்பியில மின் பொறியை உண்டாக்கி, சுத்தி ஹீலியம் வாயுவை ஊதினா காத்து கிட்ட வராதுன்னு 1941-ல் செஞ்சு காட்டினார். 1942-ல் காப்புரிமை. ஹீலியார்க்னு பேரு வச்சாங்க. ஹீலியத்துக்குப் பதிலா ஆர்கான் வந்த பிறகு அதுதான் நம்ம ஊர் 'ஆர்கான் வெல்டிங்'.

அலுமினியத்துக்கு இதுல மாறு மின்னோட்டம் கொடுப்பாங்க. மின்சாரம் ஒரு திசையில பாயும்போது உலோகத்தை உருக்கும், மறு திசையில பாயும்போது தோலைச் சிதறடிச்சுச் சுத்தம் பண்ணும். பொடி வேண்டாம், கழுவ வேண்டாம், மஞ்சள் வெளிச்சம் இல்லை, ஃபுளோரைடு புகை இல்லை. இந்த முறையை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோனது லிண்டே. அது அப்போ யூனியன் கார்பைடோட ஒரு பிரிவு. அசிட்டிலீன்ல பிறந்த கம்பெனியே, அலுமினியத்துல அசிட்டிலீனை வீட்டுக்கு அனுப்பி வச்சுது!

சுடர் ஏன் தோத்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். சுடர் தரம் குறைஞ்சதுன்னு எனக்குத் தோணலை. கேஸ்ல போட்ட பத்து மிருதுவா இருக்கும், சுத்தி இருக்கிற தகடும் இளகி இருக்கும், சுத்தியலால தட்டினா வெடிக்காம வளைஞ்சு கொடுக்கும். அதனாலதான் பழைய கார், பழைய விமானம் புதுப்பிக்கிறவங்கள்ல சில பேர் இன்னைக்கும் பொடியும் டார்ச்சுமா உட்கார்றாங்க. தொழிற்சாலைக்குப் பெரிய செலவா இருந்தது பொடிதான். அதைக் கழுவுற வேலை, கழுவினாங்களான்னு பார்க்கிற வேலை, கழுவாம விட்டதால வர்ற ஒழுகல். அந்தச் செலவு மொத்தமும் ஒரே அடியில போச்சுன்னதும் முதலாளிகள் மாறிட்டாங்க.

பொடியும் அத்தோட சாகலை. 1970-கள்ல அல்கான் கம்பெனி, அலுமினியத்தை அரிக்காத ஒரு பொடியைக் கொண்டு வந்துச்சு. பொட்டாசியம், அலுமினியம், ஃபுளோரைடு சேர்ந்த உப்பு. குளோரைடு கிடையாது, அதனால வேலை முடிஞ்சு கழுவ வேண்டியதில்லை. இன்னைக்கு ஓடுற கார்கள்ல பெரும்பாலான அலுமினிய ரேடியேட்டரும், ஏ.சி கண்டென்சரும் இந்த வகைப் பொடியைப் பூசி உலையில வச்சு ஒட்டினவை. அங்கே தகடு உருகுறதில்லை, நடுவுல இருக்கிற சிலிக்கான் கலந்த அலுமினியம் மட்டும் உருகி ஒட்டும். வீட்டு ஏ.சியோட அலுமினியக் குழாயில ஓட்டை விழுந்தா, மெக்கானிக் கையில சின்ன டார்ச்சும், உள்ளே பொடி வச்ச கம்பியுமா வர்றாரே, அவர் செய்யுறதும் இதோட தம்பி முறைதான். அடுத்த தடவை கிட்ட நின்னு பாருங்க. அவர் தகட்டோட நிறத்தைப் பார்க்க மாட்டார். பொடி எப்போ தெளியுதுன்னுதான் பார்த்துக்கிட்டிருப்பார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு பழைய பைக்கோட பெட்ரோல் டேங்கைத் தூக்கிட்டு யாரும் டார்ச் பக்கம் போயிடாதீங்க. காலியான டேங்க்ல இருக்கிற பெட்ரோல் ஆவி, நிறைஞ்ச டேங்கை விட ஆபத்து. அலுமினியமாவது உருகி விழும், அவ்வளவுதான். டேங்க் வெடிக்கும்.